பழைய நகர வீடுகளைத் திறந்து காட்டும் வீட்டு உலா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நகரின் பழைய தெருக்களில் இன்றும் ஆட்கள் குடியிருக்கும் வீடுகளை ஒரே ஒரு நாள் பொதுமக்களுக்குத் திறந்துவிடுவதுதான் வீட்டு உலா. இதை நடத்த நினைக்கும் குடியிருப்போர் சங்கங்களும் மரபு ஆர்வலர்களும், வீட்டைத் தரலாமா வேண்டாமா என்று யோசிக்கும் உரிமையாளர்களும் வழக்கமாகக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் இருக்கிறது.

மரபு நடைக்கும் வீட்டு உலாவுக்கும் என்ன வித்தியாசம்?

மரபு நடையில் கூட்டம் தெருவில் நின்று முகப்பைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடும். இருபது பேர் வந்தாலும் நாற்பது பேர் வந்தாலும் தெரு தாங்கும். வீட்டு உலாவில் அதே கூட்டம் கூடத்துக்குள் வருகிறது, மாடிப்படி ஏறுகிறது, படுக்கையறையை எட்டிப் பார்க்கிறது. அருங்காட்சியகத்தோடும் இதை ஒப்பிட முடியாது. நேற்று ராத்திரி அந்த வீட்டில் ஒரு குடும்பம் சாப்பிட்டிருக்கிறது, இன்று ராத்திரியும் அங்கேதான் தூங்கப்போகிறது. கீழே வரும் விதிகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு காரணத்தால் வந்தவை.

இந்த வழக்கம் எப்போது தொடங்கியது?

அமெரிக்காவின் வர்ஜீனியாவில் தோட்டச் சங்கத்தார் 1929இல் தோட்டங்களையும் வீடுகளையும் திறந்து வைத்தார்கள். மிசிசிப்பியின் நாட்செஸ் நகரம் 1932இல் தொடங்கியது. தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனில் 1947இலிருந்து வசந்த கால உலா நடக்கிறது. பிரான்ஸ் அரசு 1984இல் நினைவுச்சின்னங்களுக்கான திறந்த நாளை அறிவித்தது. அதைப் பார்த்து ஐரோப்பிய மன்றம் 1991இல் ஐரோப்பிய மரபு நாள்களைத் தொடங்கியது. லண்டனின் ‘ஓப்பன் ஹவுஸ்’ 1992இல் வந்தது. அமெரிக்க உலாக்கள் பெரும்பாலும் டிக்கெட் விற்று, வரும் பணத்தைக் கட்டடப் பராமரிப்புக்குச் செலவிடுபவை. ஐரோப்பிய மரபு நாள்கள் பெரும்பாலும் இலவசம். உங்கள் உலா இதில் எந்த வகை என்பதை முதல் கூட்டத்திலேயே முடிவு செய்துவிடுங்கள். டிக்கெட் விற்றால் இன்சூரன்ஸ், வரி, அனுமதி எல்லாமே வேறு மாதிரி ஆகிவிடும்.

எத்தனை வீடுகள் வேண்டும்? எப்படித் தேர்ந்தெடுப்பது?

ஒரு நாளுக்கு ஆறு முதல் எட்டு வீடுகள் போதும். கடைசி வீடு முதல் வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கட்டும். அதற்கு மேல் போனால் ஆட்கள் வண்டியை எடுப்பார்கள். பழைய தெருவில் வண்டி நிறுத்த இடமிருக்காது. பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் சண்டை தொடங்கும்.

பளபளவென்று புதுப்பித்த வீடுகளாகவே அடுக்காதீர்கள். நாலாவது வீட்டிலேயே பார்ப்பவருக்குச் சலித்துவிடும். பெரிய வீடு ஒன்று, இரண்டு அறை மட்டுமே உள்ள சின்ன வீடு ஒன்று, பிற்காலத்தில் பிரித்து வாடகைக் குடித்தனங்களாக மாற்றிய வீடு ஒன்று, பாதி வேலையில் நிற்கும் வீடு ஒன்று என்று கலந்து எடுங்கள். எங்கள் கணிப்பில் அதிக நேரம் ஆட்களை நிறுத்தி வைப்பது அந்தப் பாதி வேலை வீடுதான். பூச்சு உதிர்த்த சுவரில் செங்கல் கட்டும், அடைத்துவிட்ட பழைய கதவின் வளைவும், மூன்று தலைமுறை மின்கம்பிகளும் ஒரே இடத்தில் தெரியும். ஆனால் அங்கே மின்இணைப்பைத் துண்டித்து, ஏணி, பலகை, ரசாயனம் எல்லாவற்றையும் அப்புறப்படுத்திய பிறகுதான் ஆளை உள்ளே விட வேண்டும்.

எப்போதும் ஒரு வீட்டைக் கூடுதலாகப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். உடம்பு சரியில்லை, வீட்டை விற்கப்போகிறோம், குழாய் வெடித்துவிட்டது என்று கடைசி மாதத்தில் ஒருவர் விலகுவது சகஜம். விளம்பரத்தில் ‘ஏழு வீடுகள்’ என்று அச்சடித்துவிட்டு ஆறைக் காட்டினால் பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள். ‘ஆறு வீடுகள்’ என்று போட்டுவிட்டு ஏழைக் காட்டினால் யாரும் குறை சொல்லமாட்டார்கள்.

உரிமையாளரிடம் என்ன பேசி முடிவு செய்ய வேண்டும்?

வாய்வார்த்தையாக விட்டுவிடாமல் ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். எந்தெந்த அறைகள் திறந்திருக்கும், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, உள்ளே ஒரு நேரத்தில் அதிகபட்சம் எத்தனை பேர், படம் எடுக்கலாமா, உடைந்தால் யார் பொறுப்பு, முடிந்ததும் யார் சுத்தம் செய்வது. இவற்றோடு, எந்த நிமிடமும் காரணம் சொல்லாமல் உலாவை நிறுத்தச் சொல்லும் உரிமை அவருக்கு உண்டு என்ற வரியும் இருக்க வேண்டும். அந்த வரி இருந்தால் தயங்குகிறவர்கள்கூடச் சம்மதிப்பார்கள். அதை உண்மையில் பயன்படுத்துகிறவர்கள் மிகக் குறைவு.

வீட்டு முகவரி விளம்பரத்தில் வரக்கூடாது. உலா நாளன்று பதிவு மேசையில் தரும் கையேட்டில் மட்டும் வரட்டும். ‘இந்தத் தேதியில் இந்த வீட்டின் எல்லாக் கதவுகளும் திறந்திருக்கும்’ என்று ஒரு மாதம் முன்பே ஊருக்குச் சொல்வது யாருக்கும் நல்லதில்லை.

உலா நாளில் உரிமையாளர் எங்கே இருப்பது என்பதையும் பேசிவிடுங்கள். வெளியே போய்விடுவது உத்தமம். ‘என் வீட்டைப் பற்றி நானே சொல்கிறேன்’ என்று ஆசைப்பட்டால் வாசல் கூடத்தில் நிறுத்தாதீர்கள். சமையலறையை மாற்றிய கதையை அவர் ஆர்வமாகச் சொல்லி முடிப்பதற்குள் வரிசை தெருமுனை வரை போய்விடும். கடைசி நிறுத்தத்தில், பின்கட்டிலோ தோட்டத்திலோ நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். கேட்க விரும்புகிறவர் நின்று கேட்பார், மற்றவர் நடையைக் கட்டுவார்.

ஒரு வீட்டுக்குள் ஒரே நேரத்தில் எத்தனை பேரை விடலாம்?

ஒவ்வொரு அறைக்கும் தனித்தனியாகக் கணக்குப் போட வேண்டும். அறையின் பரப்பில் சாமான்கள் அடைத்திருக்கும் இடத்தைக் கழித்து, மீதியில் ஒருவருக்கு 20 சதுர அடி என்று வையுங்கள். 12க்கு 15 அடி அறை 180 சதுர அடி. மூன்றில் ஒரு பங்கைச் சாமான் பிடித்துக்கொண்டால் மீதி 120. அதில் ஆறு பேர், கூட ஒரு வழிகாட்டி. கேட்கும்போது குறைவாகத் தோன்றும். கதவருகே இரண்டு பேர் நின்று பேசினாலே அந்த அறையில் போக்குவரத்து நின்றுவிடும் என்பதை முதல் மணி நேரத்தில் பார்த்துவிடுவீர்கள்.

‘மரத்தளம் எடையைத் தாங்குமா’ என்பதுதான் எல்லாரும் கேட்பது. இன்றைய கட்டட விதிகள் பல நாடுகளில் குடியிருப்புத் தளத்துக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ சுமையைக் கணக்கில் எடுக்கின்றன. கூட்டம் கூடும் மண்டபங்களுக்கு அதில் இரண்டு மடங்குக்கு மேல். மேலே சொன்ன அறையில் ஏழு பேர் நின்றால் சதுர மீட்டருக்கு 30 கிலோகூட வராது. அதனால் நல்ல நிலையில் இருக்கும் தளத்துக்கு ஆபத்தில்லை. ஆனால் அந்தத் தளம் விதிகள் வருவதற்கு முன் போட்டது. நடுவில் யாராவது குழாய் போட விட்டத்தை வெட்டியிருக்கலாம். விட்டத்தில் முதலில் இற்றுப்போவது வெளிச்சுவருக்குள் செருகிய முனை, ஏனென்றால் சுவரின் ஈரம் அங்கேதான் போய்ச் சேரும். குளியலறைக்கு அடியிலும் இதே கதை. குதிகாலைத் தூக்கி ஊன்றிப் பாருங்கள். அலமாரிக் கண்ணாடி கிணுகிணுத்தாலோ, கீழ்த்தளக் கூரைப் பூச்சில் நீளமாக ஒரே திசையில் விரிசல் ஓடினாலோ, சுவரோரம் தரை தாழ்ந்திருந்தாலோ, கட்டடப் பொறியாளர் பார்த்துச் சொல்லும் வரை அந்த அறையைத் திறக்காதீர்கள்.

பால்கனிக்கு ஒரே விதிதான்: பூட்டுங்கள். பழைய இரும்புக் கிராதி கல்லுக்குள் செருகிய இடத்தில் துருவேறி உப்பியிருக்கும். வெளியே பெயின்ட் பளபளக்கும். கிராதியின் உயரமும் இன்றைய விதிகள் கேட்பதைவிடப் பல வீடுகளில் குறைவு. பத்துப் பேர் சேர்ந்து சாய்ந்து படம் எடுக்கும் இடம் அதுதான்.

அப்படியானால் மொத்தம் எத்தனை டிக்கெட் விற்கலாம்?

இருப்பதிலேயே சின்ன வீடுதான் இதை முடிவு செய்யும், ஏனென்றால் டிக்கெட் வாங்கிய எல்லாரும் எல்லா வீட்டுக்கும் வருவார்கள். அந்த வீட்டுக்குள் ஒரு நேரத்தில் 24 பேர், ஒருவர் உள்ளே இருக்கும் நேரம் 15 நிமிடம் என்றால் மணிக்கு 96 பேர். திறந்திருப்பது ஐந்து மணி நேரம். கடைசி நுழைவு முடிவதற்கு அரை மணி முன்பு. ஆக நாலரை மணி நேரத்துக்கு 432. அந்த எண்ணிக்கையை அப்படியே விற்றுவிடாதீர்கள். ஆட்கள் சீராக வரமாட்டார்கள், முதல் ஒன்றரை மணி நேரத்தில் குவிவார்கள். முக்கால் பங்கு, அதாவது 320 டிக்கெட்டோடு நிறுத்துங்கள்.

செலவைக் கூட்டிப் பார்த்து ‘500 விற்றால்தான் கட்டுப்படியாகும்’ என்று யாராவது சொல்வார்கள். அப்போது வீட்டை மாற்றுங்கள், விலையை மாற்றுங்கள், இரண்டு நாளாக நடத்துங்கள். மாடிப்படியின் அகலத்தை உங்களால் மாற்ற முடியாது.

எல்லாரும் முதல் வீட்டிலேயே குவிந்துவிடுகிறார்களே?

கையேட்டில் 1, 2, 3 என்று எண் போட்டால் எல்லாரும் ஒன்றிலிருந்துதான் தொடங்குவார்கள். டிக்கெட்டிலேயே தொடங்கும் வீட்டை அச்சிடுங்கள். ஆறு வீடு என்றால் டிக்கெட்டுகளை ஆறு நிறமாகப் பிரித்து, ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு தொடக்க வீடு. வாசலில் உள்ளே போவோரை எண்ண, அழுத்தினால் எண் கூடும் கையடக்க எண்ணும் கருவி ஒன்று, வெளியே வருவோரை எண்ண இன்னொன்று. இரண்டின் வித்தியாசம் 24ஐத் தொட்டால் கயிறு விழ வேண்டும். எந்த வீட்டில் வரிசை நீள்கிறது என்பதைத் தன்னார்வலர்களின் வாட்ஸ்அப் குழுவில் கால் மணிக்கொரு தடவை போட்டால் பதிவு மேசையிலிருந்து ஆட்களைத் திருப்பிவிடலாம்.

மூன்றடிக்கும் குறைவான அகலமுள்ள மாடிப்படியில் ஏறுவதும் இறங்குவதும் ஒரே நேரத்தில் நடக்காது. பின்னால் இன்னொரு படிக்கட்டு இருந்தால் ஏற ஒன்று, இறங்க ஒன்று. இல்லையென்றால் மேலே ஒருவர், கீழே ஒருவர் நின்று மாற்றி மாற்றி விட வேண்டும்.

எத்தனை தன்னார்வலர்கள் தேவை?

நினைத்ததைவிட இரண்டு மடங்கு. ஐந்து அறை திறந்த வீட்டுக்கு அறைக்கு ஒருவராக ஐந்து பேர், வாசலில் ஒருவர், படிக்கட்டின் மேலும் கீழும் இருவர், வெளியேறும் கதவில் ஒருவர், மாற்றிவிட ஒருவர். மொத்தம் பத்து. இரண்டரை மணிக்கு மேல் ஒருவர் நின்றுகொண்டே பேச முடியாது, எனவே இரண்டு ஷிப்டு, இருபது பேர். ஆறு வீட்டுக்கு 120. ஆள் குறைந்தால் அறையைப் பூட்டுங்கள். ஆளில்லாத அறையைத் திறந்து வைப்பதுதான் பொருள் காணாமல் போகும் முதல் காரணம்.

செருப்பைக் கழற்றச் சொல்லலாமா? தரையை எப்படிக் காப்பாற்றுவது?

கழற்றச் சொல்வது எளிது, பிறகு வருவதுதான் சிக்கல். வாசலில் நாற்பது ஜோடி குவிந்து தடுக்கும். நுழைவது முன்வாசல், வெளியேறுவது பின்வாசல் என்றால் செருப்பு ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். காலுறையோடு மெருகேற்றிய மரப்படியில் இறங்கினால் வழுக்கும். கழற்றத்தான் வேண்டும் என்றால் வாசலில் முதியவர்கள் உட்கார ஒரு பெஞ்சும், செருப்பைக் கையோடு எடுத்துப்போக ஆளுக்கொரு பையும் வேண்டும்.

மெல்லிய பிளாஸ்டிக் ஷூ கவரை வாங்கிவிடாதீர்கள், படியில் அதுவும் வழுக்கும். அடிப்பகுதி சொரசொரப்பான துணிக் கவர் கிடைக்கும்.

தரையைக் கெடுப்பதில் முதலிடம் செருப்போடு வரும் மணலுக்கு. வெளியே ஒரு முரட்டு மிதியடி, உள்ளே ஒரு நீளமான துணி மிதியடி, இரண்டும் சேர்ந்து ஆறேழு எட்டு நடக்கும் நீளம் இருக்க வேண்டும். அடுத்தது குத்துக் குதிகால் செருப்பு. 60 கிலோ எடையுள்ளவர் ஒரு குதிகாலை ஊன்றும் கணத்தில் மொத்த எடையும் 1 சதுர செ.மீ. இடத்தில் இறங்கும், தட்டைச் செருப்பில் அதே எடை நூறு சதுர செ.மீ.க்கு மேல் பரவும். தேவதாரு போன்ற மென்மரப் பலகையில் விழும் அந்தக் குழி இழைத்தாலும் முழுக்கப் போகாது. ‘குத்துக் குதிகால் செருப்புக்கு அனுமதியில்லை’ என்பதை டிக்கெட் விற்கும்போதே சொல்லிவிடுங்கள், வாசலில் சொன்னால் தகராறுதான்.

நடக்கும் வழியில் கான்வாஸ் விரிப்புப் போடலாம். அதை ஒட்ட டேப்பைப் பழைய வார்னிஷ் மேல் ஒட்டாதீர்கள். உரிக்கும்போது வார்னிஷும் கூடவே வரும். அடியில் வழுக்காத வலை விரிப்பைப் போட்டு, ஓரம் சுருண்டிருக்கிறதா என்று மணிக்கொரு முறை பாருங்கள்.

உலாவுக்கு முந்தைய நாள் வீட்டில் என்னென்ன செய்ய வேண்டும்?

முதல் வேலை ஒவ்வொரு அறையையும் நான்கு மூலையிலிருந்தும் படம் எடுப்பது. சாமானைத் திரும்ப அதே இடத்தில் வைக்கவும், கீறல் புதியதா பழையதா என்று தெரியவும் அதுதான் சாட்சி.

பிறகு ஒளித்து வைக்க வேண்டியவை. நகை, பணம் என்று உரிமையாளர்களே எடுத்து வைத்துவிடுவார்கள். அவர்கள் மறப்பவை வேறு: கதவோரம் ஆணியில் தொங்கும் சாவிக்கொத்து, குளியலறை அலமாரியில் மருந்துப் பட்டை, மேசையில் வங்கிக் கடிதம், பிரிட்ஜ் கதவில் காந்தத்தால் ஒட்டிய பள்ளி அட்டவணை, திசைவியின் அடியில் எழுதி ஒட்டிய வைஃபை கடவுச்சொல். வெள்ளிக் கரண்டி, சிறு பொம்மை, பழைய கடிகாரம் என்று சட்டைப் பையில் நுழையும் எதுவும் திறந்த மேசையில் இருக்கக்கூடாது.

நடைவழியிலிருந்து மூன்றடிக்குள் இருக்கும் பீங்கானை நகர்த்துங்கள். முதுகுப்பையோடு ஒருவர் சட்டென்று திரும்பும்போது பை வீசும் தூரம் கிட்டத்தட்ட அதுதான். முதுகுப்பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளச் சொல்லுங்கள், அல்லது வாசலில் வாங்கி வையுங்கள். எல்லாக் கதவுக்கும் ஆப்பு வைத்து அசையாமல் செய்யுங்கள். பழைய கதவுகள் சாய்ந்திருக்கும், தானாக மூடி விரலை நசுக்கும். சில தாழ்ப்பாள்கள் உள்ளே ஆளோடு பூட்டிக்கொள்ளும். நாயும் பூனையும் அன்று வேறு வீட்டில் இருக்கட்டும். எவ்வளவு சாதுவானதாக இருந்தாலும் முந்நூறு அந்நியர்களை அது பார்த்ததில்லை.

மெழுகுவர்த்தி, சாம்பிராணி எதுவும் வேண்டாம். ஜன்னல்களைக் காலையிலேயே திறந்துவிடுங்கள். சும்மா நிற்கும் ஒருவரின் உடம்பிலிருந்து சுமார் 100 வாட் வெப்பம் வெளியேறுகிறது, இருபது பேர் என்றால் இரண்டு கிலோவாட் ஹீட்டர் ஓடுவதற்குச் சமம். ஆனால் வெயில் நேராக விழும் ஜன்னலில், பழைய துணியோ நீர்வண்ண ஓவியமோ இருந்தால் திரையைப் போட்டுவிடுங்கள். அருங்காட்சியகங்கள் அவற்றுக்கு 50 லக்ஸ் என்ற மங்கலான வெளிச்சத்தோடு நிறுத்திக்கொள்கின்றன.

படம் எடுக்க அனுமதிக்கலாமா?

வெளியே எடுக்கட்டும், உள்ளே வேண்டாம். ஃபிளாஷால் ஓவியம் கெட்டுவிடும் என்று காரணம் சொல்வார்கள்; அந்தச் சேதம் உண்மையில் மிகக் குறைவு. படம் எடுக்க நிற்கிறவரால் வரிசை நின்றுபோகும். ஜன்னல் பூட்டும் அலாரப் பெட்டியும் அன்று மாலையே இணையத்தில் இருக்கும். இந்த இரண்டும்தான் உண்மையான காரணம். உரிமையாளர் விரும்பினால் ஓர் அறையை மட்டும் படத்துக்கென்று ஒதுக்கலாம்.

வீட்டின் வயதை எப்படி உறுதி செய்வது?

ஆவணமும் கட்டடமும் ஒத்துப்போக வேண்டும். பத்திரம், வரிப் பதிவேடு, கட்டட அனுமதி, பழைய நகர வரைபடம் ஆகியவற்றிலிருந்து தொடங்குங்கள். அமெரிக்காவில் சான்பார்ன், பிரிட்டனில் கோட் ஆகிய நிறுவனங்கள் தீ இன்சூரன்சுக்காக வரைந்த வரைபடங்கள் பொக்கிஷம். எந்தச் சுவர் செங்கல், எது மரம், எத்தனை மாடி என்பதெல்லாம் நிறத்திலும் குறியிலும் இருக்கும். ஒரு எச்சரிக்கை: பத்திரத்தில் இருப்பது நிலத்தின் வயது. அதில் வீடு எப்போது எழுந்தது என்பது வேறு கேள்வி.

கட்டடத்தில் பார்க்க வேண்டியவற்றில் ஆணி முக்கியம். கொல்லர் அடித்த ஆணி நான்கு பக்கமும் சரிந்து கூராகும், தலையில் சுத்தியல் பட்ட முகங்கள் தெரியும். 1790களில் இயந்திரத்தில் வந்த வெட்டு ஆணியில் இரண்டு பக்கம் சரியும், மற்ற இரண்டு பக்கம் இணையாக ஓடும். உருண்டையான கம்பி ஆணி பெரும் வழக்கானது 1880, 90களில். இது அமெரிக்க, பிரிட்டிஷ் கட்டடங்களுக்கான கணக்கு. பலகையில் ரம்பத்தின் தடம் நேர்கோடுகளாக இருந்தால் கையாலோ மேலும் கீழும் ஓடும் ரம்பத்தாலோ அறுத்தது, வில்போல வளைந்திருந்தால் வட்ட ரம்பம். ஜன்னல் கண்ணாடியைத் தெருவிலிருந்து சாய்வாகப் பாருங்கள். எதிர்வீட்டுப் பிம்பம் நெளிந்தால் பெரும்பாலும் பழைய முறையில் செய்த கண்ணாடி. உருகிய உலோகத்தின் மேல் மிதக்கவிட்டுத் தட்டையாகச் செய்யும் மிதவைக் கண்ணாடி முறையைப் பிரிட்டனின் பில்கிங்டன் நிறுவனம் அறிவித்தது 1959இல். அந்த முறையில் செய்த கண்ணாடியில் பிம்பம் நெளியாது.

இந்தத் தடயங்கள் எல்லாம் ‘இதற்கு முன் இல்லை’ என்று மட்டுமே சொல்லும். பழைய பலகையைப் புது வீட்டில் மறுபடி பயன்படுத்துவது எல்லாக் காலத்திலும் உண்டு. ஒரே ஒரு ஆணியை வைத்து வாசலில் ஆண்டு எழுதிய பலகை மாட்டிவிடாதீர்கள்.

செங்கல் இடுக்கையும் காட்டுங்கள், ஏனென்றால் பார்வையாளர்களில் பாதிப் பேர் தாங்களும் பழைய வீட்டில் இருப்பவர்கள். சுண்ணாம்புச் சாந்து சாவியால் கீறினால் உதிரும். போர்ட்லண்ட் சிமென்டுக்குக் காப்புரிமை 1824இல் கிடைத்தாலும், சாதாரண வீட்டுச் சுவருக்கு அது வர வெகுகாலம் ஆயிற்று. பழைய மென்மையான செங்கல் சுவரில் இடுக்கைச் சிமென்ட் வைத்துப் பூசினால், சாந்து வழியே ஆவியான ஈரம் செங்கல் வழியே வெளியேறத் தொடங்கும். சில ஆண்டுகளில் செங்கலின் முகம் செதில் செதிலாக உரியும். அப்படி ஒரு சுவர் உலாவில் இருந்தால் மறைக்க வேண்டாம்.

வழிகாட்டி என்ன பேச வேண்டும்?

அறைக்கு ஒன்றரை நிமிடம், நாலே தகவல். கண்ணால் பார்க்க முடிகிற ஒன்றிலிருந்து தொடங்கட்டும். ஆவணத்தில் உள்ளதை ‘1890 வரிப் பதிவேட்டில்’ என்பதுபோல மூலத்தோடும், கேள்விப்பட்டதை ‘குடும்பத்தார் சொல்வது’ என்றும் பிரித்துச் சொல்ல வேண்டும். கட்டியவர் பெயரோடு நிறுத்தாமல், பின்படிக்கட்டில் தண்ணீர் சுமந்தவர்கள், மாடியில் வாடகைக்கு இருந்தவர்கள் பற்றியும் மக்கள்தொகைக் கணக்கிலிருந்து எடுத்துச் சொல்லுங்கள். வீட்டின் அமைப்பில் பாதி அவர்களுக்காகப் போட்டது.

உலாக்களில் தலைமுறை தலைமுறையாகச் சுற்றும் சில கதைகளை இத்தோடு நிறுத்திவிடலாம். பழைய கண்ணாடி காலப்போக்கில் வழிந்து கீழே தடித்துவிட்டது என்பது தவறு. செய்யும்போதே தடிமன் சீராக இல்லை, தடித்த பக்கத்தைப் பெரும்பாலும் கீழே வைத்துப் பொருத்தினார்கள். அலமாரி அறைக்கு வரி போட்டதால்தான் பழைய அமெரிக்க வீடுகளில் அது இல்லை என்பதற்கு ஆதாரம் கிடையாது. மேசைக்கு அடியில் உள்ள தாழ்ந்த கண்ணாடி பெண்கள் பாவாடை விளிம்பைப் பார்க்க வைத்தது என்பதும் அப்படித்தான், அது வெளிச்சத்தைத் திருப்பிவிட வைத்தது. இங்கிலாந்தில் ஜன்னல் வரி உண்மையாகவே இருந்தது, 1696 முதல் 1851 வரை. ஆனால் அடைத்த ஜன்னல் எல்லாம் அந்த வரியால் வந்ததில்லை. முகப்பு இருபுறமும் ஒத்திருக்க வேண்டும் என்று கட்டும்போதே போலி ஜன்னலாக வைத்தவை நிறைய.

சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கு?

வழக்கமான அளவு 1க்கு 12 சரிவு. வாசலில் ஏழு அங்குலப் படி ஒன்று மட்டும் இருந்தால் ஏழடிச் சாய்தளம் போதும், தற்காலிகமாகப் போட்டுவிடலாம். ஐந்து படி என்றால் 35 அடி வேண்டும், தெருவே அடைபடும். அதனால் வீடுகளைத் தேர்ந்தெடுக்கும்போதே ஒரே படியுள்ள வீடுகள் குறைந்தது இரண்டு இருக்கும்படி பாருங்கள். மற்ற வீடுகளுக்குக் கையேட்டில் ‘வாசலில் 5 படி, கைப்பிடி இடப்புறம், மாடிக்கு 16 படி’ என்று உள்ளபடி எழுதுங்கள். ‘ஓரளவு வசதி உண்டு’ என்று எழுதுவது ஏமாற்று வேலை. மாடி ஏற முடியாதவர்களுக்குக் கீழே ஓர் ஆல்பமோ டேப்லெட்டோ வையுங்கள்.

கழிப்பறை?

வீடுகளில் திறக்கக்கூடாது. பழைய வடிகால் குழாய் ஒரு குடும்பத்துக்கானது. பதிவு மேசையைக் கழிப்பறை உள்ள நூலகத்திலோ சமூகக்கூடத்திலோ வைத்து, கையேட்டில் குறியுங்கள்.

குழந்தைகளை அழைத்து வரலாமா?

கையைப் பிடித்துக்கொண்டால் வரலாம். பாதி வேலையில் உள்ள வீட்டுக்கு ஆறு வயதுக்குட்பட்டவர்களும் கர்ப்பிணிகளும் வேண்டாம். பழைய பெயின்ட் அடுக்குகளில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம், சுரண்டிய தூசிதான் அதிலும் மோசம். அமெரிக்காவில் வீட்டுப் பெயின்டில் ஈயத்தை 1978இல்தான் தடை செய்தார்கள். தள்ளுவண்டியை வாசலிலேயே நிறுத்த வேண்டும்.

இன்சூரன்ஸ் எடுக்க வேண்டுமா?

கட்டாயம். வீட்டு இன்சூரன்ஸ் பெரும்பாலும் குடும்பத்தாரையும் விருந்தாளிகளையும் மனதில் வைத்து எழுதியது, டிக்கெட் வாங்கி வந்த கூட்டத்தை அது ஏற்காமல் போகலாம். நிகழ்ச்சிக்கான பொறுப்புக் காப்பீட்டை அமைப்பின் பெயரில் எடுத்து, ஒவ்வொரு உரிமையாளரின் பெயரையும் அதில் சேர்க்கச் சொல்லுங்கள். அடிபட்டவரின் செலவோடு, வீட்டுப் பொருள் உடைந்தாலும் தருமா, தன்னார்வலர் கையால் உடைந்தாலும் தருமா என்று எழுத்தில் கேளுங்கள். இரண்டாவது கேள்விக்குத்தான் பல பாலிசிகளில் பதில் ‘இல்லை’.

மழை வந்தால்?

உலா நடக்கும், குடை உள்ளே வராது. வாசலுக்கு வெளியே குடைக்குப் பெரிய வாளி, காய்ந்த மிதியடி மூன்று செட், துடைக்கத் துணி. மிதியடி நனைந்ததும் மாற்ற வேண்டும், ஈர மிதியடி சேற்றை உள்ளே கொண்டுவரும்.

பொருள் உடைந்தாலோ யாராவது விழுந்தாலோ?

முதலில் அந்த அறைக்குள் வருவதை நிறுத்துங்கள். விழுந்தவரை உடனே தூக்கி நிறுத்தாதீர்கள். முதலுதவி தெரிந்தவர் வரட்டும். இடத்தைப் படம் எடுத்து, நேரத்தையும் பார்த்தவர்களின் பெயரையும் எழுதுங்கள். யார் தவறு, யார் பணம் தருவார் என்று தன்னார்வலர் வாய்விடக் கூடாது. உடைந்த பொருளின் எல்லாத் துண்டுகளையும், அரிசியளவு சில்லையும், ஒரே பெட்டியில் எடுத்து வையுங்கள். பசை போட்டு ஒட்டிப் பார்க்காதீர்கள். வீட்டுப் பசையைக் கரைத்தெடுப்பதே சீர்செய்பவருக்குப் பெரிய வேலையாகிவிடும்.

முடிந்த பிறகு என்ன வேலை?

அன்று மாலையே விரிப்பைச் சுருட்டி, தரையை ஈரத் துணியால் அல்லாமல் முதலில் வாக்குவம் கிளீனரால் சுத்தம் செய்யுங்கள்; ஈரத் துணி மணலைத் தேய்த்துக் கீறும். முந்தைய நாள் படங்களை வைத்து உரிமையாளரோடு அறை அறையாகப் போய்ப் பார்த்து, குறை இருந்தால் அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள். சாவியைத் திருப்பிக் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். ஒரு மாதத்துக்குள் வரவு செலவை எல்லா உரிமையாளர்களுக்கும் அனுப்பிவிடுங்கள். வீட்டைப் பற்றித் திரட்டிய ஆவணங்களின் நகல் ஒன்று உரிமையாளருக்கு, ஒன்று அவர் சம்மதத்தோடு உள்ளூர் நூலகத்துக்கு.